வாய் திறக்காமல் மூன்று சுற்று

கெர்மோர்,
டிசம்பர் 3

அன்புள்ள கணவர் கோனனுக்கு, உங்கள் மனைவி பெரின் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அத்தையும் பன்றியும் சுகம். நீங்கள் அங்கே சுகமாக இருக்கவே கூடாது என்று, உங்கள் கடிதம் வந்த திங்கட்கிழமையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் சுகமாகவே இருங்கள். கார்டிஃப் மழையில் வெங்காயச் சரங்களைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் படியேறி இறங்குகிற மனுஷனுக்கு, அதற்கு மேல் நான் வேறு சாபம் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை நம்பவில்லை. மூன்றாம் தடவை அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பன்றிக்குக் கூழ் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! உங்கள் அம்மா சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்காகவே உங்களுக்குப் பாதி மன்னிப்பு.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஜூலையில் நீங்கள் வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகும்போது நடுக்கடலில் புயல். சரி. பாய் கிழிந்தது. சரி. எல்லோரும் நம் தெவெக் புனிதரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு நேர்ச்சை நேர்ந்துகொண்டீர்கள். அதுவும் சரி. தண்டல் ஜோப், தன் படகின் பாய்மர உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி என்றார். இன்னொருவர் சாராயத்தையே விடுகிறேன் என்றார். என் புருஷன் என்ன சொன்னார்? "என் பெண்டாட்டி வீட்டு வாசல்லேருந்து வெறுங்கால்ல கெளம்பி, ஒரு வார்த்தை பேசாம உம்ம கோவிலுக்கு வந்து, மூணு சுத்து சுத்தி, ஒரு வார்த்தை பேசாம வீடு திரும்புவா." உயிர் உங்களுடையது, கால் என்னுடையது, வாயும் என்னுடையது. கேட்டவர் புனிதர் என்பதால் சும்மா விட்டேன். சொன்ன உடனே காற்று நின்றுவிட்டதாம். நான் வாயை மூடி நடக்கிற அதிசயத்தைப் பார்க்கப் புனிதருக்கே ஆசை வந்துவிட்டது என்று ஜோப் சொன்னாராம். அதையும் எனக்கே எழுதியிருக்கிறீர்களே, உங்கள் துணிச்சலை என்னவென்று சொல்வது.

நேர்ந்துகொண்டதை உடனே எனக்கு எழுதினீர்களா? இல்லை. ஐந்து மாதம் வாயில் கொழுக்கட்டை. இப்போது ஜோப்புக்கு அவர் மனைவி பிலோமென் கடிதம் போட்டு, 'பெரின் எந்தக் கோவிலையும் சுற்றவில்லை, ஒரு நாள் வாயை மூடியும் நான் பார்க்கவில்லை' என்று வத்தி வைத்துவிட்டாள். செலுத்தாத நேர்ச்சையோடு ஒருத்தன் ஏறினால் கடல் வந்து கணக்குக் கேட்கும், பதினெட்டாம் தேதி படகு கிளம்பும்போது கோனன் கரையிலேயே நிற்கட்டும் என்று ஜோப் சொல்லிவிட்டார். ஸ்டீமரில் வரலாம் என்றால், நேர்ச்சை முடியாமல் எந்தப் பலகையிலும் கால் வைக்க எனக்கே பயம் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

நமக்குக் கல்யாணமாகி இது மூன்றாவது கிறிஸ்துமஸ். முதலாவதில் நீங்கள் கார்டிஃபில். இரண்டாவதிலும் கார்டிஃபில். இந்தத் தடவை கிறிஸ்துமஸ் ராத்திரி முழுக்க அடுப்பில் எரியப் பெரிய மரக்கட்டைகூடப் பார்த்து வைத்துவிட்டேன். அதை நான் தனியாக எரிக்க மாட்டேன். அதனால் சாபத்தை ஒத்திவைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையில் மரச்செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தேன்.

வாசல் தாண்டியதுமே பின்னாலிருந்து அத்தை, "கோழிக்கூட்ட அடைச்சியா?" என்றார். பேசவில்லை. "ஏம்மா, உன்னத்தான். அடைச்சியா இல்லியா?" பேசவில்லை. "பாரு, கேட்டா பதில் சொல்ல மாட்டேங்குறா" என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னார். எதற்காகப் போகிறேன் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பழக்கதோஷம்.

துணி துவைக்கிற குளத்தருகே போனால், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தேர் பார்க்க நிற்பதுபோல. ஒருத்தி என் அடை செருப்புத் தோல் மாதிரி இருக்கும் என்றாள். பேசவில்லை. இன்னொருத்தி என் வெள்ளைத் தலைத்துணியில் கஞ்சி சரியில்லை என்றாள். கோனன், அதற்கும் பேசவில்லை. அப்போது பிலோமென் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பாவம்டி, வாயத் தொறக்காம நடக்குறா. கோனன் தங்கியிருக்குற வீட்டுக்காரி அவரு காலுறையெல்லாம் தைச்சுக் குடுக்குறாளாம். எங்க வீட்டுக்காரரு எழுதியிருந்தாரு" என்றாள்.

நான் பேசிவிட்டேன்.

ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மத்தியான மணியடித்து ஓயும்வரை பேசினேனாம், அத்தை சொன்னார். பிலோமென் குடும்பத்தில் நாலு தலைமுறையை எடுத்து அலசிப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வீடு திரும்பினேன். கோவிலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி போகிறேன். அதற்குள் அந்த வீட்டுக்காரிக்கு என்ன வயது, பல் இருக்கிறதா என்பதை மட்டும் எழுதுங்கள். காலுறையை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். ஊசி உங்கள் பெட்டியின் இடது மூலையில் வைத்திருக்கிறேன்.

கோபத்தோடும் அன்போடும்,
பெரின்


கெர்மோர்,
டிசம்பர் 7

பிரியமுள்ள கோனனுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும். கோபப்பட்டிருக்க மாட்டீர்கள், சிரித்திருப்பீர்கள். இதையும் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அழுகை வருகிறது.

இந்தத் தடவை புத்திசாலித்தனமாக விடிவதற்குள் கிளம்பினேன். அத்தை தூக்கம். குளத்தில் ஆள் இல்லை. பாறைமேல் நம் கோவில் இருட்டில் பல் போன வாய் மாதிரித் தெரிந்தது. கூரை இல்லாத சுவருக்குள் யாருடைய மாடோ படுத்திருந்தது. அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், இரண்டு பேரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. முதல் சுற்று முடிந்தது. கல்லும் முள்ளும் குத்தி உள்ளங்கால் எரிந்தாலும், மனசுக்கு என்ன நிம்மதி தெரியுமா? இரண்டு சுற்று, அப்புறம் வீடு, அப்புறம் நீங்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாம் சுற்றில், வெளுக்கிற நேரம், கீழைச் சுவர் ஓரம் திரும்பினால், ஒரு குடையும் அதன் கீழே ஒரு கனவானும் நிற்கிறார்கள். பாரிசிலிருந்து வந்தவராம். இடிந்த கோவில்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். நம் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டிருக்கிறார், அவர் பேசினால் பூசை வைப்பதுபோல இருக்கிறது. வணக்கம் அம்மணி என்றார். தலையாட்டினேன். இந்தக் கோவிலைப் பற்றி ஏதாவது தெரியுமா என்றார். எனக்குத் தெரியாதா! பேசவில்லை. நான் ஊமை என்று நினைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். எழுதட்டும். பேசவில்லை.

அதோடு அவர் போயிருக்கலாம். இரக்கப்பட்டு, பாவம் ஊமைப் பெண்ணுக்கு அவள் ஊர்க் கதையையாவது சொல்வோம் என்று என் கூடவே நடந்து சொல்ல ஆரம்பித்தார். எங்கே கேட்ட கதை? பக்கத்து ஊர் ட்ரெகோவில், அந்தச் சாராயக்கடையில்! தெவெக் புனிதர் கல்தொட்டியில் ஏறிக் கடல் கடந்து வந்து இறங்கியது ட்ரெகோ கரையிலாம். கல்தொட்டி மூழ்கியது புனிதர் கொஞ்சம் பருமன் என்பதாலாம். கோவிலின் கூரை போனது, கெர்மோர்க்காரர்கள் குளிருக்கு அதைப் பிரித்து எரித்ததாலாம்.

நீங்களே சொல்லுங்கள். புருஷன் வர வேண்டும், உண்மைதான். ஆனால் அது அச்சில் வரப்போகிறது. நாளைக்கு நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் புனிதர் ட்ரெகோவில் இறங்கினார் என்று படிக்கப்போகிறார்கள். பல்லைக் கடித்தேன். உதட்டைக் கடித்தேன். பருமன் என்று இன்னொரு தடவை சொன்னார்.

"ஐயா, அதுல ஒரு எழுத்துகூட நெசமில்ல. அழிங்க" என்றேன்.

ஊமை பேசியதில் மனுஷன் குடையைப் போட்டுவிட்டார். உட்காரவைத்து எல்லாவற்றையும் முறையாகச் சொன்னேன். புனிதர் வந்தது நம் கரைக்கு. கல் அதுவரை நன்றாகத்தான் மிதந்தது. கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டு, "அடியே, கல்லு எங்கயாவது மிதக்குமா?" என்று கத்தினார்கள். தான் கல் என்பது அப்போதுதான் அதற்கு ஞாபகம் வந்தது, மூழ்கிவிட்டது. புனிதர் இடுப்புவரை நனைந்து கரையேறி, இனிமேல் என்னிடம் வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றார். கூரை? அதை யார் செப்பனிடுவது என்று ஊரார் கோவிலுக்குள்ளேயே உட்கார்ந்து மூன்று நாள் சண்டை போட்டார்கள். நாலாம் நாள் புனிதர் கூரையே வேண்டாம் என்று தூக்கிக் கடலில் எறிந்துவிட்டார். இவ்வளவுதான் நடந்தது, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மத்தியானம்வரை சொன்னேன். எழுதி எழுதி அவருக்கு விரல் வீங்கிவிட்டது. என் பெயரையும் புத்தகத்தில் போடுகிறாராம்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். "வாயை மூடிட்டு வாங்கன்னு புனிதர் சொன்ன கதையச் சொல்லுறதுக்குப் போயி வாயத் தொறந்தியா?" என்றார். உள்ளே போய் உங்கள் பழைய சட்டையை எடுத்துக் கிழிசல் தைத்தேன், அழுதுகொண்டே. அத்தை அடையில் வெண்ணெய் கூடப் போட்டுக் கொடுத்தார்.

இன்னும் நாள் இருக்கிறது. என்மேல் கோபப்படாதீர்கள்.

உங்கள்,
பெரின்


கெர்மோர்,
டிசம்பர் 11

என் கோனனுக்கு,

இந்த உறையில் மூன்று காகிதம் இருக்கும். ஒன்று இது. இரண்டாவது பங்குச் சாமியார் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டது. மூன்றாவது பிலோமென் தன் புருஷனுக்கு எழுதியது, அதைப் பிரிக்காமல் ஜோப்பிடம் கொடுங்கள். முதலில் இதைப் படியுங்கள். அவசரப்பட்டு நடுவில் விடாதீர்கள்.

நேற்றுப் போனேன். வாயைக் கட்டுவதற்கு அத்தைதான் வழி சொன்னார். "நீ நல்லவதாம்மா, உன் வாயிதான் உனக்கு அடங்காது" என்று சொல்லி ஒரு முழு ஆப்பிளை என் வாயில் திணித்தார். விருந்து மேசையில் வாயில் ஆப்பிளோடு பன்றித் தலையை வைப்பார்களே, அதே கோலம். மழை வேறு. வெறுங்கால், நனைந்த பாவாடை, வாயில் ஆப்பிள். குளத்தருகே பெண்கள் பார்த்தார்கள். சிரிப்பு வந்து ஒருத்திக்கும் வார்த்தை வரவில்லை. பிலோமென் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உதட்டில் விரலை வைத்து மற்றவர்களையும் அடக்கினாள். அவளுக்கும் புருஷன் அங்கேதானே இருக்கிறார்.

கோவிலில் மாடுகூட இல்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாம் சுற்றில் பாதி. அந்தக் கீழைச் சன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது தெரியுமா? அந்தத் தண்ணீரின் மேலேதான் உங்களை வரச்சொல்லி நான் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கால் நின்றுவிட்டது. மாடத்தில் புனிதரின் சுரூபம், மூக்கு இல்லாமல். சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும் என்று ஊர்ப் பெண்கள் ஊசி குத்திக் குத்தியே போன மூக்கு. அதில் என் ஊசியும் ஒன்று உண்டு, உங்களுக்காகக் குத்தியது. உங்களிடம் இதுவரை சொன்னதில்லை.

ஆப்பிளை எடுத்துவிட்டுப் பேசினேன். வாய் தவறியோ கோபத்திலோ பேசவில்லை. தெரிந்தே பேசினேன்.

"இது என்ன நியாயம் ஐயா? உயிருக்குப் பயந்தவரு அவரு, வாயக் கட்டிக்கிட்டு நடக்குறவ நானா? அடுத்தவ வாயப் பந்தயம் வச்சா வாங்கிக்குவீரா நீரு? நான் வாயில்லாம பொறந்திருந்தா அவரு என்னத்த நேர்ந்திருப்பாரு? கேட்டுக்கும். கோனன் கிறிஸ்துமஸுக்குள்ள தானே வருவாரு. அவரு கால், அவரு வாய். வெறுங்கால்ல, வார்த்தை பேசாம, மூணுக்கு ஆறு சுத்து சுத்துவாரு. இது நான் நேர்ந்துக்குற நேர்ச்சை. அவரு என் வாய நேர்ந்துக்கிட்டா, நான் அவரு வாய நேர்ந்துக்கக் கூடாதா?" என்றேன். பிறகு அந்த ஆப்பிளைத் தின்றேன். காலையிலிருந்து பட்டினி.

அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாம் சுற்றை முடித்து வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பி, ஆயிற்று என்று சொல்லியிருக்கலாம். சாமியாரும் எழுதிக்கொடுத்திருப்பார். வழியெல்லாம் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அந்தப் படகில் ஏறப்போவது நீங்கள். உங்களை வைத்துப் பொய் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேரே சாமியார் வீட்டுக்குப் போய் அத்தனையும் சொல்லிவிட்டேன். ஈரக்காலோடு அவர் வீட்டுத் தரையை நாசம் செய்ததற்கு அவருடைய சமையல்காரி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாளாம்.

சாமியார் தாடையைத் தடவினார். புனிதரிடம் பேசுவது ஜெபம், ஜெபம் பேச்சில் சேராது என்றார். பின்னாலேயே வந்திருந்த அத்தை, "அவ பேசுனது ஜெபம்னா எங்க வீட்டுல தெனம் பூசை நடக்குது சாமி" என்றார். அதற்குள் பிலோமெனும் வந்துவிட்டாள். நேர்ச்சை ஆளை மாற்றினாலும் செலுத்தாத நேர்ச்சை செலுத்தாததுதான், என் புருஷன் ஏற்ற மாட்டார் என்றாள்.

"உன் வீட்டுக்காரரு பாய்மர உயரத்துக்கு மெழுகுவர்த்தின்னாரே, ஏத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"அது ஊருக்கு வந்துதான் ஏத்தணும். கார்டிஃப்லயா ஏத்த முடியும்?" என்றாள்.

"அப்ப செலுத்தாத நேர்ச்சையோடதான் அவரும் படகுல ஏறுறாரு?"

"அவரு செலுத்துறதுக்குத்தானேடி வர்றாரு" என்றாள். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சாமியார் பேனாவை எடுத்தார். நேர்ச்சையைத் தட்டிக்கழிக்கிறவனைத்தான் கடல் கேட்கும், செலுத்த வருகிறவனை அது கொண்டுவந்து விடும், புனிதர் திருவிழாவுக்கு நேர்ச்சையோடு வருகிற படகெல்லாம் அப்படித்தான் வருகின்றன என்று எழுதினார். கோனனைக் கார்டிஃபில் நிறுத்திவைத்தால் புனிதருக்குச் சேர வேண்டியதைத் தண்டல் மறித்ததாகும் என்றும் எழுதினார். கடைசி வரி பிலோமென் சொல்லி எழுதியது. தன் கடிதத்தில் அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று காட்டவில்லை. ஆனால் எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்த சத்தம் கேட்டது. உங்களை விட்டுவிட்டு ஜோப் மட்டும் வந்தால் அவருக்கு வீட்டில் அடுப்பு எரியாது, அது நிச்சயம்.

அதனால் நீங்கள் நடக்க வேண்டும். ஆறு சுற்று, மழையோ பனியோ. ஊரே குளத்தருகே நின்று உங்களைச் சீண்டப்போகிறது, ஒருத்தி விடாமல் தயாராகிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். நான் கோவில் வாசலில் உலர்ந்த காலுறையோடு நிற்பேன். என் கையால் தைத்தது.

சாமியாரிடமும் அத்தையிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. திட்டி முடித்து, தின்று முடித்து, கிளம்பிப் போனவள் திரும்பி வந்து அந்த மாடத்துக்குக் கீழே ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நேர்ச்சை போகட்டும், நியாயம் போகட்டும், அவர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆளை மட்டும் கொண்டுவந்து கரையில் விட்டுவிடும் என்று கேட்டேன். எவ்வளவு நேரம் கேட்டேன் என்று தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, கோனன். வரச்சொல்லவும் பயம், வராமல் இருந்தாலும் பயம்.

கடலின் அன்னை உங்களையும் ஜோப்பையும் கூட வருகிறவர்களையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து சேர்க்கட்டும். இருபதாம் தேதியிலிருந்து தினமும் துறையில் நிற்பேன். நீங்கள் இறங்கும்போது நான் ஒன்றும் பேசாமல் நின்றால், இன்னொரு நேர்ச்சையோ என்று பயந்துவிடாதீர்கள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அவ்வளவுதான். நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

உங்கள்,
பெரின்